விசிறிக்குள் பொரி

நிரலை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் அந்தக் கம்பைலரை, மூல நிரலிலிருந்து கட்டி நிறுவ வசுமதி நான்கு நாளாக மல்லுக்கட்டினாள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரியில் அது செத்து விழுந்தது. இலவசமாகக் கொடுத்தால் லட்சணம் இப்படித்தான் இருக்கும் என்று, அதை எழுதியவர்களுக்கே காட்டமாக ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டாள். பதில் பணிவாக வந்தது: “ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் நின்றால் பிழை எங்களுடையது. வரி மாறிக்கொண்டே இருந்தால், உங்கள் சர்வர் சூடாகிறதா என்று பாருங்கள்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அலுவலகத்தின் சர்வர் பெட்டியைத் திறந்தாள். குப்பென்று நாற்றம் அடித்தது. போன ஆயுத பூஜையின் பொரி, மூடியின் துளைகள் வழியே உள்ளே இறங்கியிருந்தது. கூட வந்த நாட்டுச் சர்க்கரை சூட்டில் உருகி, பொரியையும் செத்த கரப்பான்களையும் விசிறியோடு சேர்த்து அப்பியிருந்தது. எந்த அறிவுகெட்ட ஜென்மம் செய்த வேலை இது? மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மதியத்துக்குள் கம்பைலர் முணுமுணுக்காமல் கட்டி முடிந்தது. மேனேஜர் கோமதிநாயகம் பூஜைத் தட்டோடு உள்ளே வந்தார்.

“சார், இந்த வருஷம் இது மேல பொரி வேணாம். எவனோ கொட்டி வெச்சு உள்ள ஒரே நாத்தம்.”

“எவனோவா? போன வருஷம் ரெண்டு கையாலயும் அள்ளிக் குவிச்சதே நீதானம்மா” என்று சிரித்தபடி அவர் தட்டை நீட்டினார்.

வாங்க நீண்ட அவள் கையிலிருந்து அந்த நாற்றம் இன்னும் அடித்தது.