பின்னிருக்கையின் எடை

மலையடிவார டீக்கடையில் பைக்கை நிறுத்தினாள் பெனிட்டா. கல்யாணமான புதிதில், கணவனைப் பின்னால் உட்காரவைத்து அவள் ஓட்டிவரும் முதல் நெடும்பயணம். வழியெல்லாம் வேகத்தடைகளில் வண்டியின் பின்பக்கம் தணிந்து இடித்துக்கொண்டே வந்தது.

"உண்மையச் சொல்லுங்க. எவ்ளோ வெயிட்டு?"

"சொன்னேனே, எழுபத்தஞ்சு." அமலன் டீ கிளாசுக்குள் பார்த்தான். பெண் பார்க்கப் போன நாளிலிருந்தே அவன் வயிற்றை எக்கிக்கொண்டுதான் இருந்தான்.

"அந்த எடைக்குத்தான் பின்சக்கர ஸ்பிரிங்க திருகி வச்சிருக்கேன். ஆனாலும் இடிக்குது. இப்படியே மலை ஏறினா, வளைவுல வண்டி என் பேச்சக் கேக்காது. ரெண்டு பேரும் பள்ளத்துலதான்."

அமலன் மலையை நிமிர்ந்து பார்த்தான். பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டான்.

"தொண்ணூத்திரெண்டு."

"காலைல பொங்கல் சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். பெனிட்டா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்சக்கர ஸ்பிரிங்கின் திருகை இறுக்கினாள். அவனை ஏறச் சொன்னாள். இந்த முறை வண்டி அளவாக அமிழ்ந்து நின்றது.

முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி அவள் பேச்சைக் கேட்டு அலுங்காமல் திரும்பியது. அமலன் பின்கம்பியை விட்டு அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டான்.

"பெனி, உயரமும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்."

ஹெல்மெட்டுக்குள் அவள் சிரிப்பது அவன் கைகளுக்குத் தெரிந்தது.