பக்கத்து வீட்டுப் பூதம்

"ஐயோ, வேண்டாம்... விட்டுடு! வலிக்குது!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் வந்தபோது தையல்கார அக்கா மிஷினை நிறுத்தவில்லை. "இன்னைக்கு எந்தப் பூதம் சாகுதோ!" என்று சிரித்தபடி திரைச்சீலைக்கு ஓரம் அடித்தாள்.

"நூத்துக்குத் தொண்ணூறு போடலாம். நேத்து இவ்வளவு நல்லா சாகல," என்றார் அவள் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

முதல் நாள் இப்படி இல்லை. நாலு மாதத்துக்கு முன் இதே அலறலைக் கேட்டு மாடி மொத்தமும் அந்த வீட்டு வாசலில் கூடிவிட்டது. கதவைத் திறந்தது புருஷன். அவன் மனைவி வாயைத் திறப்பதற்குள் அவனே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான்.

"என் பொண்டாட்டிக்கு சினிமாவுல குரல் குடுக்கிற வேலை கிடைச்சிருக்குங்க. கார்ட்டூன் படம். ராக்கெட்டுல போறவங்க, வாளு, மந்திரம், அரக்கன்னு ஒரு வீடியோ கேமுக்குள்ள போய் மாட்டிக்கிறாங்க. ஒரே கூத்து! ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு பூதம் சாகணும். அந்தச் சத்தமெல்லாம் இவதான். வீட்டுல பழகுறா."

கூடியவர்கள் அசடு வழிந்தார்கள். அவள் பின்னால் நின்று தலையாட்டினாள். அன்றிலிருந்து அவளுக்குப் 'பூதம்' என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள், தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போவாள்.

அக்காவுக்கு அவள்மேல் தனிப் பாசம். தங்கமான பெண், முதல் வாய்ப்பு, எப்படியாவது முன்னுக்கு வந்துவிட வேண்டுமே என்று அக்கா கிடந்து தவித்தாள். அந்தப் பெண்ணின் சட்டைகளுக்கெல்லாம் முழுக்கை வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அக்காதான். "ஸ்டுடியோவுல ஏசி ரொம்பக் குளிருதுக்கா," என்பாள் அவள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்.

தொண்ணூறு மார்க் வாங்கிய அந்த அலறலுக்குப் பிறகு பக்கத்து வீடு அடங்கிவிட்டது. மறுநாள் காலை, பையும் கையுமாகப் படியிறங்கிய புருஷனை அக்கா நிறுத்திக் கேட்டாள்.

"தொண்டை கட்டிக்கிச்சுக்கா. பேசவே கூடாதுன்னுட்டார் டாக்டர். தூங்குறா, கதவைத் தட்டாதீங்க," என்றான். அக்கா தட்டவில்லை.

மூன்றாம் நாள் ஸ்டுடியோவிலிருந்து ஒலிப்பதிவாளர் வந்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோய் அக்காவிடம் வந்து நின்றார்.

"போனும் எடுக்க மாட்டேங்கிறாங்க. இன்னைக்கு வந்து முடிச்சுக் குடுக்கலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்கம்மா."

அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். ஒரு தொண்டைக்கட்டுக்காக அந்தப் பெண்ணின் வாழ்க்கையே போய்விடுமா?

"சார், அவ பொழப்பைக் கெடுத்துடாதீங்க. நாலு மாசமா அவ எப்படிப் பாடுபட்டான்னு நான் இந்தக் காதால கேட்டிருக்கேன். கடைசியா அலறினா பாருங்க ஒரு அலறல், நிஜமாவே உயிர் போற மாதிரி இருந்துச்சு!"

ஒலிப்பதிவாளர் அக்காவையும் அந்தக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அலறலா? எங்க படத்துல அவங்களுக்குச் சிரிக்கிற வேலை மட்டும்தானே!"