குறுக்குக் கம்பி

ஆடித் தள்ளுபடியின் இரண்டாம் நாள், காலை பத்தரை.

துணிக்கடையின் மூன்றாம் மாடிக்கு அவள் பூமாலையோடு ஏறி வந்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதுப் பெண்கள் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, நீ அந்தக் கதவுப் பக்கம் நில்லு."

"போ ஏட்டி. நேத்து ஆளில்லாம அதுல தட்டுன சத்தம் கேட்டுச்சு. நீயே நில்லு."

சிரித்தார்கள். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

பின்பக்கக் கதவின் மேல் ஐந்து பெண்களின் படம், ஒரே கண்ணாடிக்குள். ஓரத்தில் சந்தனமாரி, கடையின் நீலச் சீருடையில்.

அவள் மகள்.

படத்துக்குக் கீழே, கதவின் குறுக்கே, இடுப்பளவில் ஒரு சிவப்புக் கம்பி. வருஷா வருஷம் அதில்தான் மாலை போடுவாள். பிறகு உள்ளங்கையைக் கதவில் வைப்பாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

இருக்காது.

வீட்டில் மகளுக்குப் படம் இல்லை. மாட்டக் கணவர் விடவில்லை. மற்ற நான்கு வீட்டாரும் வழக்கு தோற்றதும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மகள் இறந்த அன்றும் ஆடித் தள்ளுபடிதான். மின்பெட்டியில் பிடித்த தீ படிக்கட்டை அடைத்தது. பெண்கள் இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். அப்போது இங்கே இருந்த பழைய கதவு பூட்டியிருந்தது. புடவை திருடு போகக் கூடாது என்று.

அவசர வழியைப் பூட்டக் கூடாது, தள்ளினால் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று அப்போதே கட்டடங்களுக்கான ஒரு விதிநூலில் இருந்ததாம். இங்கே அரசு அதைச் சட்டமாக ஏற்கவில்லை, வெறும் அறிவுரைதான் என்றார் முதலாளியின் வக்கீல்.

முதலாளி வீட்டுக்குப் போனார்.

சட்டம் அடுத்த வருஷம் வந்தது. கூடவே இந்தப் புதுக் கதவும்.

இன்று, படத்துக்குக் கீழே ஸ்டூலில் எரிந்த விளக்கின் முன்னால் ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தாள். தீயணைப்புத் துறைச் சீருடை. சின்ன வயது. பக்கத்தில் முதலாளி.

"படம், விளக்கு, ஸ்டூல் எல்லாத்தையும் எடுங்க. இது ஆளுங்க தப்பிச்சுப் போற வழி."

"சாமியா வச்சுக் கும்பிடுதோம் மேடம். நான் எப்படிக் கை வைக்க? இந்தா, பெத்தவளே நிக்கா. அவ எடுக்கட்டும்."

அதிகாரி அவளைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

"அம்மா, நான் எடுக்கட்டுமா?"

அவள் திரும்பினாள். புதுப் பெண்களைப் பார்த்தாள்.

அதே நீலம்.

சிரித்தவர்களில் ஒருத்திக்குச் சந்தனமாரியின் வயதுதான் இருக்கும். மாலையை அவளிடம் கொடுத்தாள். அந்தப் பெண் அதைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

தாய் ஒரு பூவை வைத்து விளக்கைக் குளிரவைத்தாள். ஸ்டூலை நகர்த்தினாள்.

படத்தைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பழைய மாலைகளின் நார் கம்பியில் இறுகிச் சுற்றியிருந்தது. நகத்தால் பிய்த்தெடுத்தாள்.

"இந்தக் கம்பி மாலை போடத்தானே வச்சிருக்கு?"

"இல்லம்மா," என்றாள் அதிகாரி. "தள்ளுறதுக்கு. தள்ளிப் பாருங்க."

ஒரு கை படத்தைப் பிடித்திருந்தது. மறு கையால் தள்ளினாள்.

வெயில்.

இரும்புப் படிக்கட்டு. கீழே சந்தில் ஒருவன் கரும்பு பிழிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

கையை எடுத்ததும் கதவு தானாக மூடிக்கொண்டது.

மறுபடி தள்ளினாள். இந்தமுறை ஒரு விரலால்.

மறுபடி.

யாரும் தடுக்கவில்லை.

கதவு மூடியதும் முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"இம்புட்டு லேசாவா தொறக்கும்?"