மகன் சேமித்த தேதி

ஜாவாவின் சோலோ நகரில் என் கல்யாண வீடியோக் கடை. பிற்பகல் வெயில் கணினித் திரையில் விழுகிறது. புதிய எடிட்டிங் மென்பொருளில் யாருடைய கல்யாணமோ ஓடுகிறது. பழையதில், கோபித்துக்கொண்டு போன என் மகன் பாதியில் விட்ட படம்: அவன் அம்மா இறந்த ஆயிரமாவது நாளில், எங்கள் வழக்கப்படி, அவள் கல்லறைக்குக் கல் வைத்த சடங்கு. "ஒரே வீட்ல ரெண்டு மாமியார் எதுக்கு, பாக் சுதர்மோ? இதையும் புதுசுக்கு மாத்திடறேன்" என்கிறான், என்னை மரியாதையாகப் 'பாக்' என்று கூப்பிடும் கணினி பழுதுபார்ப்பவன் துகிரான். "மாத்தினா பழசுல திறக்காது. அவன்கிட்ட இருக்கறது பழசுதான். அவன் தொடங்கினத அவன்தான் முடிக்கணும்." "அப்ப கூப்பிடுங்களேன்!" "தகப்பன் நானா கூப்பிடறது?" துகிரான் போனதும், மகனின் கை பூத் தூவும் காட்சியைச் சற்று நீளமாக்கி ஓடவிட்டுப் பார்க்கிறேன். மூடும்போது, மாற்றத்தைச் சேமிக்கவா என்கிறது கணினி. வேண்டாம் என்று அழுத்துகிறேன். கோப்பின் மேல் அவன் கடைசியாகச் சேமித்த தேதி அப்படியே நிற்கிறது.