வாங்க மறுத்தார்

அச்சகத்துக்கு வந்த பதிவுத் தபாலை அண்ணன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தபால்காரர் படியிறங்கியதும், புரூஃப் தாள்களோடு நின்ற தங்கையிடம் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"ஏதோ வக்கீல் நோட்டீஸாம். அச்சகம் பேர்ல ஒண்ணு, என் பேர்ல ஒண்ணு. ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டேன்."

"உறை மேல தபால்காரர் என்னண்ணா எழுதினார்?"

"'வாங்க மறுத்தார்'னு எழுதிக்கிட்டார். எழுதட்டுமே!"

"தேதி போட்டாரா?"

"போட்டார், போட்டார். நீ ஏன் பயப்படறே? கையில வாங்கினாத்தானே நோட்டீஸ்? வாங்கலைன்னா ஒரு பய என்னை ஒண்ணும் பண்ண முடியாது."

"இல்லண்ணா. சரியான விலாசத்துக்கு வந்ததை வேண்டாம்னு சொன்னா, வாங்கின கணக்குதான். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"அடேயப்பா! யார் சொன்னா உனக்கு?"

"என் வக்கீல்."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அச்சகத்துல பாதி என்னுது. என்னைக் கேக்காம நீ விக்கக் கூடாதுன்னுதான் அனுப்பினேன்" என்று நகலை மேஜைமேல் வைத்தாள். "பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொல்லிடு."

அவன் ஒரு வரி விடாமல் படித்தான். பிறகு, பத்து வருஷத்தில் முதல்முறையாக, எதிர் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான்.

"உட்காரும்மா, பேசலாம்."