திரும்பி வந்தவர்

மனிதர் நின்றாலும் சேவை நிற்காது என்று மந்திரி கழுத்து நிறைய மாலையோடு முழங்கிய திட்டத்துக்கு விதிகளை எழுதியவர் தணிகாசலம். கணினி சர்வர்களுக்கு எழுதிப் பழகியதையே மனிதருக்கும் எழுதிக் கொடுத்தார். ஒருவரின் கைப்பட்டையிலிருந்து பத்து நிமிடம் சமிக்ஞை வராவிட்டால் அச்சு அசலாக அவரைப் போலவே செய்து வைத்திருக்கும் நகல் பொறுப்பேற்கும். இருவர் இருந்தால் குழப்பம் என்பதால் பழுதான சர்வரை அணைப்பது போலப் பழையவர் நிறுத்தப்படுவார்.

செவ்வாய் மாலை அவரே தன் அடுக்குமாடி லிஃப்டில் சமிக்ஞை எட்டாமல் இருபது நிமிடம் சிக்கிக்கொண்டார். மெக்கானிக் மீட்டதும் வியர்க்க வியர்க்கப் படியேறி வந்து மணியடித்தார். மனைவி கோமளவல்லி கதவைத் திறந்தாள். உள்ளே இன்னொரு தணிகாசலம் தோசை தின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்டி நிஜம்!"

"தெரியுதுங்க." அவள் கண் கலங்கியது. "ஆனா அவர் வந்ததும் வராததுமா எங்கம்மாவுக்குப் போன் போட்டு நலம் விசாரிச்சார்."

நகல் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"உயிரோட திரும்பி வந்திருக்கேன்யா. என்னை எப்படி நிறுத்துவாங்க?" என்றார் பழையவர்.

"திரும்பி வந்தா என்ன செய்யறதுன்னு கூட்டத்துல ஒரு பொண்ணு கேட்டுச்சே, சார். திறப்பு விழாவுக்கு நேரமாச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னு நாமதானே சொன்னோம்?"

கோமளவல்லி கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

லிஃப்ட் இப்போது நன்றாக வேலை செய்தது. அதில் பழையவரை நிறுத்தத் திட்ட அலுவலகச் சீருடைக்காரர்கள் இருவர் மேலே வந்துகொண்டிருந்தார்கள்.