ஆவணிக் கல்யாணச் செலவு

“முகூர்த்தச் சேலை நாலாயிரத்துக்கு மேல வேண்டாம் மச்சான். பழச அடிச்சுட்டு எழுதுங்க.”

இசைவாணி சொன்னதும் அன்பரசன் பதினோராயிரத்தைக் கோடு போட்டு அடித்தான். அந்தச் சேலையை அவள் இரண்டு தடவை சிவகாசிக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தது அவனுக்குத் தெரியும். நாலாயிரம் என்று எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆமத்தூரில் அவள் வீட்டு முன்னறையில் இருவருக்கும் நடுவில் அந்த நாற்பது பக்க நோட்டு கிடந்தது. மாமன் மகனும் அத்தை மகளுமாக நாலு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மேலே இருவர் பேரையும் எழுதிப் போட்ட கல்யாணக் கணக்கு. ஆளுக்குப் பாதிச் செலவு என்று பேச்சு. இரண்டு வீட்டிலும் பட்டாசுக் கம்பெனிச் சம்பளம்தான், ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்க ஒன்றும் கிடையாது.

மூன்றேகால் லட்சத்தில் ஆரம்பித்த கணக்கு அது. முதல் வருஷம் கம்பெனியைப் பூட்டிப்போட்டார்கள், ஏழு மாசம் வேலை இல்லை. போன சீசனில் கம்பெனி வெடிமருந்து அறையில் தீப்பிடித்து அவனுடைய அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் கிடந்தார். அன்பரசன் தன் பாதிக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் அங்கேயே கரைந்து, அதற்கு மேல் கடனும் ஏறியது. அப்பா பிழைத்தார். கைகள்தான் இனி எதற்கும் ஆகாது.

அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை. வந்து என்ன சொல்ல? நேற்று அவளாகத்தான் போன் பண்ணினாள். “நோட்ட எடுத்துக்கிட்டு வாங்க மச்சான். இந்த ஆவணிய விட்டா எங்கம்மா இனிமே பொறுக்காது.”

“மண்டபம்?” என்றான்.

“சமுதாயக் கூடம் போதும். தாலிய கோயில்லயே கட்டிக்கிடலாம்.”

“சாப்பாடு?”

“ஐநூறு பேருக்கு எங்கன போக? எரநூறு போடுங்க. பாயாசத்தோட நிறுத்திக்கிடுவோம்.”

“போட்டோ, வீடியோ?”

“அடிச்சிருங்க. சித்தி மக செல்லுல எடுப்பா.”

பத்திரிகை நூறு அச்சடித்தால் போதும், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம் என்றாள். ஒரு பவுன் தாலி இரண்டு கிராமுக்கு இறங்கியது. நாலு வருஷமாக ஆசையாகச் சேர்த்து எழுதியதையெல்லாம் தன் கையாலேயே அடித்துக்கொண்டே வந்தான் அன்பரசன்.

“மாப்பிள்ளை வேட்டி சட்டை ரெண்டாயிரம். சட்டை நாப்பது சைசு” என்று தானே சொல்லிக்கொண்டு எழுதினான்.

“நாப்பத்திரண்டு போடுங்க.”

அவன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சலில் இப்போது முப்பத்தெட்டே தொளதொளவென்று தொங்குகிறது. கல்யாணம் ஆனால் சதை போட்டுவிடுவான் என்று நினைக்கிறாள் போல. ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்திரண்டு என்று திருத்தினான்.

அத்தை சின்னத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். “குடிய்யா” என்றவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “அண்ணன் சோறு திங்காகளா?”

“நான்தான் ஊட்டி விடுறேன் அத்தை.”

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளிடம், “என்னடி, பேசியாச்சா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்லம்மா.”

அத்தை அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்பரசன் மேலிருந்து கீழாகக் கூட்டினான். தொண்ணூற்றேழாயிரத்து ஐநூறு. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை கூட்டினான். அதேதான் வந்தது.

“லட்சத்துக்குள்ள வந்துருச்சு வாணி” என்றான். “ஆனா எம் பங்குக்கு எங்க போவேன்? ஆவணிக்குள்ள என்னால பத்தாயிரம்கூடப் பெரட்ட முடியாது. உங்கிட்டப் பொய் சொல்லி என்ன செய்ய?”

“அந்தப் பாதி வந்துரும் மச்சான்.”

“எங்கிருந்து?”

அவள் பெயர்ந்துகிடந்த சிமெண்டுத் தரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் அட்வான்ஸ் கேட்டிருப்பாள் என்று நினைத்தான். தன் சுமையையும் இவளே தூக்கிக்கொள்ளப் பார்க்கிறாளே என்று அவனுக்குக் கண் கலங்கியது. ராத்திரி வேலைக்கும் போய், ரெண்டு வருஷத்தில் அம்புட்டையும் அடைத்துவிட வேண்டும். கூட்டுத்தொகைக்குக் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டான்.

“அடிச்சு அடிச்சு ஒரே கிறுக்கலா இருக்கு. வேற தாள்ல சுத்தமா எழுதித் தரட்டா வாணி?”

“வேண்டாம் மச்சான்.”

அவள் தலை நிமிரவே இல்லை.

“கணக்கெல்லாம் அப்படியே இருக்கட்டும். மேல மாப்பிள்ளை பேர மட்டும் அடிச்சுட்டு, மகேஷ்குமார்னு எழுதிருங்க.”